மூன்றரை ஜோடி பூட்ஸ்

1994 ஜூன் 10, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்குப் பால் பாக்கெட் இரண்டு வாங்கினேன். 5.20 முதல் 5.50 வரை அடிபம்பில் பதினோரு குடம் தண்ணீர். 6.30க்கு இட்லி, தக்காளிச் சட்னி. 7.15க்குக் காரைத் துடைத்தேன். கண்ணாடிகளுக்கு ஈரத்துணி, மற்ற இடங்களுக்கு உலர்ந்த துணி. 7.40க்குக் கிளம்பினேன். காரில் நான் மட்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் டைரியில் அடிக்கோடு இட்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்து இட்ட கோடு. கிண்டியில் ஒரு டிராயிங் ஆபீசில், இன்ஜினியர்களின் வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசராக இருந்தேன். வெறுங்கையால் கோடு போடும் பழக்கம் எனக்கு இல்லை.

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு. கணவருக்கு ஏப்ரலில் திருச்சிக்கு மாற்றல் ஆகியிருந்தது. வாசலில் நின்றது வெள்ளை நிறத்தில் ஓர் எண்ணூறு சி.சி. கார், செகண்ட் ஹேண்ட். அதை விற்றுவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். மே மாதம் முதல் வாரத்தில் லைசென்ஸ் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, கத்துக்கிட்டே. ஆனா ஒருத்தி ஆபீஸ் போறதுக்கு ஒரு காரா? நம்ம தெருவுலருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போறவங்க எத்தனை பேர் இருக்காங்க. மூணு பேர் தினமும் உன்கூட வந்தாங்கன்னா வெச்சுக்கலாம். காலியா போச்சுன்னா வித்துடலாம்."

சொன்னதோடு நிற்காமல் 'விற்பனைக்கு' என்று ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி, மைதா பசை காய்ச்சி, பின் கண்ணாடியின் உட்புறம் ஒட்டிவிட்டுத்தான் திருச்சிக்கு ரயில் ஏறினார். ஊரில் நிலபுலன் உள்ள அரிசி மண்டிக்காரர் ஒருவர் தன் மகனுக்காக அதைப் பார்த்து வைத்திருந்தார். ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்கு முன் வெள்ளிக்கிழமை மாலை கணவர் வருவார். காரில் மூன்று பேர் வருகிறார்களா என்று பார்த்து முடிவு சொல்வார்.

மூன்று பேரைப் பிடிக்க எனக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கம்பெனி அக்கவுண்டன்ட் இருந்தார்; தெருவே அவரைச் சார் என்றுதான் கூப்பிடும். எதிர் வீட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அக்கா. தெருக்கோடியில் பரங்கிமலைப் பள்ளிக்கூடத்து டீச்சர். மே 16 முதல் மூவரும் ஒழுங்காக வந்தார்கள். சார் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். ஒருவர்கூட ஒரு நாளும் தாமதித்ததில்லை.

அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் போதும். நான் சும்மா இருக்கவில்லை.

அந்தக் காரில் என்னுடையது என்று ஒன்றும் இல்லை. சீட் கவர் கணவர் தேர்ந்தெடுத்தது. ஹாரன் அவர் மாற்றியது. டாஷ்போர்டுப் பிள்ளையார்கூட முந்தைய சொந்தக்காரர் ஒட்டியது. தரையில் கிடந்த தேங்காய் நார் மேட் ஒரு மழைக்கு நனைந்து, காயாமலே நாறிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு நானே நான்கு மேட் செய்வது என்று முடிவு செய்தேன்.

என்ன படம் போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஆபீசுக்கு மெஷின் பொருத்த வந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது மேசையில் ஒரு தடித்த படக்கதைப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார். இன்று பிள்ளைகள் அனிமே என்கிறார்களே, அந்த வகைப் படங்கள். அப்போது எங்களுக்கு அது ஜப்பான் கார்ட்டூன். குட்டை முடி வைத்த ஒரு பெண். அவள் உள்ளே ஏறி நடத்தும், மூன்று மாடி உயர இரும்பு மனிதன். ஓர் எழுத்தும் எனக்குப் புரியாது. ஆனால் அந்தக் கோடுகள்! பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு தோள். நான்கு கோட்டில் காற்று. சாஸர் அளவுக்குக் கண்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி. ஒன்றரை வருடமாக மதியச் சாப்பாடு ஆனதும் பத்து நிமிடம் அதைப் பார்ப்பேன். கதைக்காக அல்ல, கோட்டுக்காக.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு ரெக்ஸின்காரர் உண்டு. மற்ற நாட்களில் ஆட்டோக்களுக்கு சீட் தைப்பவர். வெள்ளிக்கிழமை மட்டும் மெஷினைத் தூக்கிவந்து தார்ப்பாய்க்குக் கீழே போட்டுக்கொண்டு துண்டு ரெக்ஸின் விற்பார். மே 27 அன்று அவரிடம் டிரேசிங் ஷீட்டில் முழு அளவில் வரைந்து கொடுத்தேன். நீலத்தில் அடித்துணி, அதன்மேல் வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் வெட்டித் தைத்த அந்தப் பெண்ணின் முகம். மூன்று முகம். டிரைவர் பக்கத்துக்கு மட்டும் ஒரு நட்சத்திரம். ஜூன் 3 அன்று வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடியில் ரப்பர் ஷீட் ஒட்டி, நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் டிச் பட்டன் அடித்து, காரில் பொருத்தினேன். 62க்கு 45 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. அன்று டைரியில் எழுதியிருப்பது: 'மிக நன்றாக வந்திருக்கிறது. நாளை ஆச்சரியப்படுவார்கள்.'

ஆச்சரியப்பட்டார்கள்.

திங்கட்கிழமை காலை சார் கதவைத் திறந்தவர் திறந்தபடி நின்றார்.

"இது எந்த ஊரு அம்மன்மா?"

"அம்மன் இல்ல சார். ஜப்பான் கார்ட்டூன். சும்மா டிசைன்."

"ஓகோ" என்று ஏறி உட்கார்ந்தார். பின்னால் அக்கா ஏறினார். கடைசியாக டீச்சர் காலை உள்ளே வைத்து, சட்டென்று எடுத்து, குனிந்து மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறகு ஏறினார். கண்ணாடியில் பார்த்தால், அக்கா இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிச் சம்மணம் போட்டிருந்தார். மீனம்பாக்கம் தாண்டும்போது டீச்சர், "ரொம்ப கலரா இருக்கு" என்றார்.

கிண்டியில் சார் இறங்கினார். இறங்கியவர் ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டு, "ஐயையோ!" என்று மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். தார் சுட்டது. காலில் செருப்பு இல்லை. அஸ்தினாபுரத்தில் ஏறும்போது, வீட்டுக்குள் நுழைபவர்போல செருப்பைக் காருக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறார். தெருவில் அது பாட்டுக்கு ஜோடியாக நிற்க, கார் கிளம்பி வந்துவிட்டது.

அன்று அவர் வெறுங்காலோடு ஆபீசுக்குப் போனார். மாலையில் பார்த்தால் செருப்பை யாரோ எடுத்து எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நம்பர்.

செவ்வாய்க்கிழமை சார் காய்ச்சல் என்றார். புதன்கிழமை அக்காவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. வியாழக்கிழமை டீச்சர் தனியாக வந்தார். முழங்காலை நெஞ்சுவரை தூக்கி, பையை அணைத்துக்கொண்டு, பரங்கிமலைவரை வந்தார். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. நானும் சாமி இல்லன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். ஆனா கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பாக்குதே! ஒரு பொம்பளப் புள்ள மூஞ்சில எப்படிங்க காலை வைக்கறது? நாளைக்கு நான் பஸ்ல போய்க்கறேன்." ரோட்டைக் கடக்கப் போனவர் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார். "இன்னொண்ணு. உங்க காலுக்குக் கீழ மட்டும் நட்சத்திரம். எங்களுக்கு மட்டும் மூஞ்சியா?"

அங்கேயே இரண்டு நிமிடம் நிறுத்தியிருந்தேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவர் சொன்னது உண்மை. என் காலடியில் ஒரு முகம் வைக்க என் கையே ஒப்பவில்லை, நட்சத்திரம் போட்டுவிட்டது. அதைக் கவனிக்காமல் மற்ற மூன்று பேரின் காலடியில் முகத்தை விரித்துவைத்து, ஆச்சரியப்படுவார்கள் என்று டைரியும் எழுதியிருக்கிறேன்.

அதனால்தான் ஜூன் 10 அன்று காரில் நான் மட்டும். குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது டீச்சர் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சார் நின்றார், காய்ச்சல் ஏதும் இல்லாமல். ரியர்வியூ கண்ணாடியில் 'விற்பனைக்கு' காகிதத்தின் பின்புறம் தெரிந்தது. வெயிலில் எழுத்துகள் ஊடுருவி, நேராகவே படிக்க முடிந்தது. மாலை 7.35க்குக் கணவரின் ரயில் தாம்பரம் வரும்.

எளிய வழி எனக்கும் தெரியும். மேட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் ரப்பர் ஷீட் போடலாம். மூவரும் வந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கார் மறுபடியும் யாருடையதோ ஆகிவிடும். கார் வேண்டும், அதில் என் கோடும் வேண்டும். அன்று எனக்கு இரண்டில் ஒன்று போதவில்லை.

மதியம் 1.10க்கு வழக்கம்போல அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். முதன்முறையாகக் கோடுகளை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் தரையில் குவளை உடைந்து கிடந்தது. அடுத்த பக்கத்தில் அதே குவளை மேசைமேல் முழுதாக இருந்தது. உடைந்த குவளை எப்படி ஒட்டிக்கொள்ளும்? புத்தகத்தைக் கவிழ்த்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் திருப்பினேன். எல்லாம் சரியாக ஓடியது. ஜப்பான் புத்தகத்துக்கு நம் கடைசிப் பக்கம்தான் முதல் பக்கம். ஒன்றரை வருடம் அந்தக் கதையைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்திருக்கிறேன்.

அப்படித் திருப்பியபோது ஐந்தாம் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. எனக்கு அது பழக்கமான படம். அந்தப் பெண் இரும்பு மனிதனுக்குள் நிற்கிறாள்; மேலிருந்து பார்த்ததுபோல வரைந்திருப்பார்கள். தரையில் இரண்டு பெரிய இரும்பு பூட்ஸ், அதன் வாயில் அவளுடைய சின்னப் பாதங்கள். காலை வெளியே எடுத்துவிட்டு அவள் போய்விடுகிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. அவள் அப்போதுதான் காலை உள்ளே வைக்கிறாள். அவள் வைத்த பிறகுதான் அந்த இரும்பு எழுந்து நிற்கிறது.

ஒன்பது வருடம் டிரேசராக இருந்தவளுக்கு அதைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. எதிரில் நின்று பார்த்தால் தெரிவது எலிவேஷன். மேலிருந்து பார்த்தால் தெரிவது பிளான். முகம் எலிவேஷன், அது சுவருக்கு உரியது. தரைக்குப் பிளான்தான் போடவேண்டும். முதல் வருடம் படிக்கும் பையனுக்கும் தெரியும் இது. நான் எலிவேஷனைக் கொண்டுபோய்த் தரையில் விரித்திருந்தேன்.

1.30க்கு டிரேசிங் ஷீட்டைப் பலகையில் பின் குத்தினேன். மேலிருந்து பார்த்த பூட்ஸ், நுனி முன்பக்கம் பார்த்தபடி. உள்ளே பாதம் வைக்கக் கறுப்புப் பள்ளம். பள்ளத்தின் நீளம் எவ்வளவு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காம்பவுண்டுச் சுவரில் இருந்த ஒன்பதாம் நம்பர் செருப்பு நினைவில் இருந்தது. அதைவிட இரண்டு சென்டிமீட்டர் கூட்டினேன். டிரைவர் மேட்டுக்கு இடது கால் பூட்ஸ் மட்டும். வலது கால் எப்போதும் பெடலில்தான் இருக்கும்.

4.45க்கு ஆபீஸ் விட்டது. 5.15க்குப் பல்லாவரம். சந்தையில் கூட்டம் நெட்டித் தள்ளியது. காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, நான்கு மேட்டையும் தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு போனேன். ரெக்ஸின்காரர் மேட்டைப் புரட்டி, அடியில் இருந்த ரப்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? கீழயா போட்ட?"

"ஃபுட் மேட்தானே."

"மேட்டுனு நீ சொல்லவே இல்லியே! சீட்டு முதுகுக்குனு நெனச்சிகினு தச்சேன். யக்கா, எத்தினி ஆட்டோ தச்சிகிறேன், எத்தினி சினிமா ஸ்டார் மூஞ்சி வெட்டிகிறேன். அல்லாம் முதுவு பக்கம்தான். கீழ வச்சின்னா அந்த ஸ்டேண்டுல ஆட்டோ நிக்குமா? பேஜார் ஆயிடும். இன்னா படிச்ச நீயி!"

"படிச்சதுதான் இப்ப ஞாபகம் வந்துச்சு. இதைப் பாருங்க" என்று புது டிரேசிங்கைக் கொடுத்தேன்.

அவர் அதைத் தரையில் விரித்து, எழுந்து நின்று மேலிருந்து பார்த்தார். பிறகு தன் வலது காலைத் தூக்கி, காகிதத்தில் படாமல் அந்தப் பள்ளத்துக்கு மேலே பிடித்தார்.

"அட, சோக்கா கீதே" என்றார். "எப்போ வேணும்?"

"இப்போ. ஏழு முப்பத்தஞ்சுக்கு ரயில்."

"ரயிலா? எந்த ரயிலு? யாரு வராங்கோ?"

சுருக்கமாகச் சொன்னேன். பக்கத்தில் பழைய டேப் ரெக்கார்டர் விற்றுக்கொண்டிருந்தவரும் கேட்டுக்கொண்டிருந்தார். "மாமா வந்து வண்டிய வித்துடுவாரா? தா, சீக்கிரம் தைப்பா!" என்று அவரே ரெக்ஸின்காரரை விரட்டினார்.

முகங்களையும் நட்சத்திரத்தையும் சுற்றியிருந்த தையலை நான் பிளேடால் பிரித்தேன். அவர் வெள்ளி நிற ரெக்ஸினில் பூட்ஸ் வெட்டினார். கறுப்பைப் பள்ளத்துக்கு வைத்து, சிவப்பில் வார் தைத்தார். ரப்பரோடு சேர்த்துத் தைக்கையில் ஓர் ஊசி உடைந்தது. "போச்சா!" என்று மெஷினைத் திட்டி, வேறு ஊசி மாட்டினார். பிரித்தெடுத்த மூன்று முகங்களையும் நான் மடக்கிப் பைக்குள் வைக்கப் போனபோது கையைத் தடுத்தார். "அத்த ஏன் உள்ள வெக்கிற? அதுக்கு எடம் இல்லியா?"

இருந்தது. இரண்டு முகம் முன் சீட்டுகளின் முதுகில், பின்னால் உட்காருபவர்களைப் பார்த்தபடி. மூன்றாவது, டாஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியின் மூடியில், சாருக்கு நேர் எதிரில். அவரே காருக்கு வந்து பட்டன் அடித்தும் பசை தடவியும் பொருத்திக்கொடுத்தார். 6.35. மூன்றரை ஜோடி பூட்ஸ்.

6.50க்கு அஸ்தினாபுரம். சார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் காரைக் கண்டதும் லேசாக இருமினார்.

"காய்ச்சல் இருக்கட்டும் சார். ஒரே ஒரு தடவை வந்து பாருங்க."

வந்தார். கதவைத் திறந்தேன். உள்விளக்கில் வெள்ளி பூட்ஸ் மின்னியது. மூடியிலிருந்து அந்தப் பெண் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். சார் கீழே பார்த்தார், மேலே பார்த்தார். செருப்பைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க. உங்க சைஸுக்குத்தான் வெட்டியிருக்கு."

ஒரு காலை வைத்தார். அடுத்த காலை வைத்தார். ஒன்பதாம் நம்பர் கச்சிதமாக உட்கார்ந்தது. ஐம்பத்து நான்கு வயது மனிதர் முட்டியில் இரண்டு கையையும் ஊன்றி, காரைத் தானே நடத்துபவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பின் எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா டெலிபோன்! சீக்கிரம் வா! கால் வைக்க எடம் வந்துடுச்சு!"

அக்கா கையில் கரண்டியோடு வந்தார். டீச்சரை அழைத்துவரப் போனது சார்தான், நடந்தல்ல, கிட்டத்தட்ட ஓடி. டீச்சர் பின் கதவில் குனிந்து முதலில் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒத்த பூட்ஸா?"

"ஒத்ததான்."

"அப்ப சரி" என்று ஏறினார். ஏறியதும் எதிரில் சீட்டு முதுகில் இருந்த முகத்தைப் பார்த்து, "இங்க வந்துட்டியா? வா வா" என்றார். அக்கா சம்மணத்தை மறந்து இரண்டு காலையும் பூட்ஸில் வைத்துத் தட்டினார். "டீச்சர், உன் பூட்ஸ் பெருசா, என் பூட்ஸ் பெருசா?"

"மூணும் ஒரே அளவு" என்றேன். "ஸ்டேஷனுக்குப் போறேன். வர்றீங்களா?"

"எறங்கச் சொன்னாலும் எறங்கறதா இல்ல" என்றார் சார். அக்கா கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

சிட்லபாக்கம் வழியாக 7.28க்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசல். ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். 7.52க்குக் கணவர் பெட்டியோடு வெளியே வந்து காரைத் தேடினார், கண்டார், குனிந்து பார்த்தார். முன் சீட்டில் சார். பின் சீட்டில் டீச்சரும் அக்காவும்.

"என்ன, எல்லாரும் எங்கயாவது போறீங்களா?"

"உங்கள அழைச்சிட்டுப் போகத்தான் வந்தோம்" என்றார் அக்கா. "திங்கக்கிழமையிலேருந்து ஆபீசுக்கும் இதுலதான். ஏறுங்க, நடுவுல எடம் இருக்கு."

அவர் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் நுழைந்தார். அந்த இடத்தில் தரை மேடாக இருக்கும், மேட் கிடையாது. காலை எங்கே வைப்பது என்று தேடினார். இடது பக்கம் டீச்சரின் பூட்ஸ், வலது பக்கம் அக்காவின் பூட்ஸ்.

"இதென்ன? எனக்கு எங்க?"

"உங்களுக்கு இல்லங்க" என்றார் டீச்சர். "தினமும் வர்றவங்களுக்குத்தான்."

சார் முதலில் சிரித்தார். பிறகு கார் முழுக்கச் சிரிப்பு. கணவர் இரண்டு முட்டியையும் தாடைவரை தூக்கிவைத்துக்கொண்டு, எதிரில் இருந்த பெரிய கண்களைப் பார்த்தபடியே வந்தார். சானடோரியம் தாண்டியதும் என் தோளைத் தட்டினார்.

"மண்டிக்காரருக்கு நாளைக்கு நானே போய்ச் சொல்லிடறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேணாம்னு."

"என்னன்னு சொல்வீங்க?"

"எடம் இல்லன்னு."

அன்று இரவு டைரியில் ஒரே வரி: 'காரில் ஐந்து பேர்.' அதற்கும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு இட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை 4.50க்கு எழுந்தேன். பால் வாங்கப் போகவில்லை, பம்பையும் தொடவில்லை. முதலில் ஒரு செம்புத் தண்ணீரும் அரை பிளேடும் எடுத்துக்கொண்டு காரின் பின் சீட்டில் மண்டியிட்டு, கண்ணாடியில் இருந்த காகிதத்தை நனைத்து, ஊறவிட்டு, ஒரு மூலையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தேன். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. துளி பாக்கியில்லாமல் எடுக்க இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று.